ஒரு டிபி என்றால் பெருசா?

நாங்கள் மூன்று பேர். ஓப்பநாயக்கவைச் சுற்றியிருக்கிற தோட்டங்களில் பிறந்து, ஒரே பஸ்ஸில் தமிழ் ஸ்கூலுக்குப் போய், ஒரே வருஷத்தில் கலைப்பீடத்துக்குத் தெரிவானவர்கள். எங்கள் லயங்களில் அதுவரைக்கும் யார் வீட்டிலும் லெப்டொப் இருந்ததில்லை. தோட்டத்து ஆபீசில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. சம்பளச் சீட்டு அதிலிருந்து வரும் என்பது மட்டும்தான் தெரியும். அதனால் எது நல்ல லெப்டொப் என்று கேட்க எங்களுக்கு ஒரு அண்ணனோ அக்காவோ கிடையாது. கடைக்காரர் சொன்னதுதான் பாடம்.

எங்களில் ஒருத்தி தன் அம்மாவோடு கடைக்குப் போனாள். மேசைமேல் இரண்டு லெப்டொப். இரண்டும் ஏதோ ஒரு கம்பெனியில் பாவித்துவிட்டுக் கழித்தவை. ஒரே பெயர், ஒரே வயசு, இரண்டிலும் 8 ஜிபி ரெம். விலையும் ஒன்றுதான், 78,000 ரூபா.

"இது ஒரு டிபி தங்கச்சி. அது 256 ஜிபி தான். அதே காசுக்கு நாலு மடங்கு இடம். யோசிக்க என்ன இருக்கு?"

அம்மா அதற்குமேல் யோசிக்கவில்லை. "கூட இருக்கிறதையே எடு புள்ள. பொறகு பத்தாம போச்சுனா இன்னொருக்கா காசுக்கு எங்க போறது?"

அம்மா சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. தோட்டத்தில் நாங்கள் காசை ரூபாவில் மட்டும் எண்ணுவதில்லை, பேரிலும் எண்ணுவோம். ஒரு நாள் வேலை ஒரு பேர். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா என்று வந்தது, 2024இல் 1,350 ரூபா என்று வந்தது. 78,000 ரூபாவை 1,350ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 58 பேர். அரைப்பேர் விழாமல், கடைக்கடன் கட்டாமல், ஒரு வாய் சோறு தின்னாமல் 58 நாள் மலையேறினால் ஒரு லெப்டொப். அப்படிப்பட்ட காசைக் கொடுக்கிறபோது "கூட" இருப்பதை எடுப்பது பேராசையில்லை, பயம்.

அந்தப் பயத்தோடுதான் அவள் ஒரு டிபியை எடுத்தாள். இன்னொருத்தர் வேறொரு கடையில், வேறு வழியில்லாமல், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. உள்ளதை எடுத்தார். மூன்றாவது ஆள் முதல் வருஷம் முழுக்க போனிலேயே அசைன்மென்ட் எழுதினார். இந்த மூன்று அனுபவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறோம். வேகமா, இடமா என்ற கேள்விக்கு எங்களிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது. ஆனால் அது ஒரு வரிப் பதில் இல்லை.

போன் கற்றுக்கொடுத்த பாடம்

இடம் பத்தாமல் போகும் என்ற பயம் எங்கள் வயசுக்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது? போனிலிருந்து. 2020, 2021 கொரோனா காலத்தில் வகுப்பு வட்ஸ்அப்பில் நடந்தது. வீட்டுக்கு ஒரு போன், அதில் 16 ஜிபி. டீச்சர் டியூட் அனுப்புவார், வொய்ஸ் அனுப்புவார், வீடியோ அனுப்புவார். மேட்டுக்கு ஏறி சிக்னல் பிடித்து இறக்கப் போனால் "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வந்து நிற்கும். எதையாவது அழித்தால்தான் எதையாவது படிக்கலாம். தாத்தா செத்த வீட்டுப் போட்டோவை அழித்துவிட்டு வரலாற்று டியூட் இறக்கினவர்கள் எங்களில் உண்டு. இடமில்லாமல் போவதன் வலி எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் வேகமில்லாமல் போவதன் வலி தெரியாது. காரணம் சின்னது. நாங்கள் பாவித்த போன்களில், எவ்வளவு மலிவானதாக இருந்தாலும், சுற்றுகிற தட்டு கிடையாது. எல்லாமே சில்லில் எழுதுகிற ஃபிளாஷ் நினைவகம். 1980களில் ஜப்பானின் தொஷிபா கம்பெனியில் ஃபுஜியோ மசுஓகா என்பவர் கண்டுபிடித்த முறை அது. பென் டிரைவும் அதுதான், எஸ்.எஸ்.டி.யும் அதன் பெரிய தம்பிதான். எங்கள் தலைமுறை ஹார்ட் டிஸ்க் என்ற சாமானைப் பழகாமலேயே வளர்ந்தது. அதனால் கடையில் நிற்கிறபோது தராசின் ஒரு தட்டை மட்டும்தான் நாங்கள் பார்த்தோம். மற்றத் தட்டு ஒன்று இருப்பதே தெரியவில்லை.

தட்டு சுற்றுகிறது, நாங்கள் காத்திருக்கிறோம்

அந்த ஒரு டிபி லெப்டொப்பை ஆன் செய்தால் வேர்ட் திறக்கும்வரை எவ்வளவு நேரம் என்று போனில் டைமர் வைத்துப் பார்த்தோம். 6 நிமிஷம் 40 செக்கன். 256 ஜிபி எஸ்.எஸ்.டி. உள்ளதில் 35 செக்கன். ப்ரொசசர் கிட்டத்தட்ட ஒன்று, ரெம் ஒன்று. இவ்வளவு வித்தியாசமும் டிஸ்க்கிலிருந்துதான் வந்தது.

ஏன் இப்படி? எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க ரயில்தான் சரி. ஓப்பநாயக்க ஒரு காலத்தில் களனிவெளி ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன். அவிசாவளை, இரத்தினபுரி வழியாக வந்த இரண்டரை அடி அகலச் சின்னப் பாதை இங்கே வந்து முடியும். 1970களில் அவிசாவளைக்கு இந்தப் பக்கம் பாதையை மூடிவிட்டார்கள். நாங்கள் ரயிலைப் பார்த்ததில்லை, பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான். ஹார்ட் டிஸ்க்கும் அப்படி ஒரே பாதை, ஒரே வண்டி. உள்ளே தட்டு சுற்றும். அதன்மேல் ஒரு கை போய் வந்து படிக்கும். வண்டி நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடினால் மோசமில்லை: ஒரு முழுப் படத்தைக் கொப்பி பண்ணும்போது செக்கனுக்கு 100 எம்பி அளவில் போகும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போகச் சொன்னால்தான் வில்லங்கம்.

விண்டோஸ் திறப்பது என்பது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கிற வேலை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பைல்கள், தட்டின் அங்கங்கே கிடக்கும். லெப்டொப் ஹார்ட் டிஸ்க் அநேகமாக நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றும். கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுத்துப் பாருங்கள்: செக்கனுக்கு 90 சுற்று. கை சரியான இடத்துக்கு நகர வேண்டும், பிறகு வேண்டிய பகுதி சுற்றிக்கொண்டு கைக்குக் கீழே வர வேண்டும். இரண்டும் சேர்ந்தால் செக்கனுக்கு அறுபது எழுபது இடத்துக்கு மேல் தொட முடியாது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றவும் நகரவும் ஒன்றுமில்லை. ஓர் இடத்தைத் தொட ஆயிரத்தில் ஒரு செக்கன்கூட ஆகாது. அதே நேரத்தில் அது ஆயிரக்கணக்கான இடத்தைத் தொட்டுவிடும்.

இன்னொரு கணக்கும் எங்களை யோசிக்க வைத்தது. ஐ.பி.எம். கம்பெனி 1956இல் கொண்டுவந்த ரமக் இயந்திரத்தில்தான் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் இருந்தது. இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள். எல்லாம் சேர்ந்து 5 எம்பி அளவு, இன்றைக்குப் போனில் எடுக்கிற ஒரு போட்டோவுக்கு மட்டுமட்டாகக் காணும். அந்தத் தட்டுகள் நிமிஷத்துக்கு 1,200 தடவை சுற்றின. 5 எம்பியிலிருந்து ஒரு டிபிக்கு வந்தபோது இடம் இரண்டு இலட்சம் மடங்கு கூடியது. சுற்றுகிற வேகமோ 1,200இலிருந்து 5,400. நாலரை மடங்கு! வீடு மாளிகையாகிவிட்டது, வாசல் அப்படியேதான் இருக்கிறது. கடையில் சொல்வது மாளிகையின் கணக்கை மட்டும்.

காத்திருந்த நேரமும் பேர்தான்

"அஞ்சாறு நிமிஷந்தானே, முகம் கழுவிட்டு வந்தா ஓப்பன் ஆயிரும்" என்று சிரித்துக்கொண்டு இருந்தோம். முதல் வருஷக் கடைசியில் ஒரு பிரசன்டேஷன். ஆளுக்கு 15 நிமிஷம். அன்றைக்கென்று விண்டோஸ் அப்டேட் பின்னால் ஓடத் தொடங்கிவிட்டது. டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுகிறது. மவுஸ் அசைகிறது, வேறொன்றும் அசையவில்லை. மூன்று கிழமை உட்கார்ந்து செய்த சிலைட்டைக் காட்டாமல் அவள் வாயால் சொல்லிவிட்டு வந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. ஆனால் "தோட்டத்துப் புள்ளைக்கு கொம்பியூட்டர் பழக்கமில்ல போல" என்று ஒரு பார்வை இருந்தது. அந்தப் பார்வைதான் அவளை அழவைத்தது.

அதற்குப் பிறகு கணக்குப் பார்த்தோம். திறக்க, மூட, பைல் தேட, பிரவுசர் உறைந்து நிற்க என்று ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போகிறது என்று குறைத்தே வைப்போம். வருஷத்துக்கு 300 நாள் என்றால் 50 மணித்தியாலம். நாலு வருஷப் பட்டப்படிப்புக்கு 200 மணித்தியாலம். எட்டு மணித்தியாலம் ஒரு பேர் என்றால் 25 பேர். அம்மா மலையில் போட்ட 58 பேரை எண்ணத் தெரிந்த எங்களுக்கு, நாங்கள் கட்டிலில் உட்கார்ந்து திரையில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்த 25 பேரை எண்ணத் தெரியவில்லை. படிக்கிற பிள்ளையின் நேரத்துக்குச் சம்பளமில்லை என்பதால் அதற்கு விலையே இல்லை என்று ஆகிவிடுமா?

ஆகவே முதல் பதில்: ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா என்று வந்தால், இடம் நாலில் ஒரு பங்காக இருந்தாலும் எஸ்.எஸ்.டி.யை எடுங்கள். இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் இடமும் சும்மா இல்லை

இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம். யூடியூபில் லெப்டொப் பற்றிப் பேசுகிறவர்களில் நிறையப் பேர் இங்கேதான் முடிக்கிறார்கள். "எஸ்.எஸ்.டி. எடுங்க, மிச்சத்தை கிளவுட்ல போடுங்க." அந்த இரண்டாம் பாதிதான் எங்களுக்குப் பொருந்தவில்லை.

256 ஜிபி எடுத்தவரின் கதைக்கு வருவோம். முதல் நாளே அவர் சண்டைக்குப் போகப் பார்த்தார்: திரையில் 238 ஜிபி என்றுதான் இருந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடைக்கென்று, தண்ணிக்கென்று கிலோ வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தானே. இது அந்த வெட்டு இல்லை. கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. ஒரு டிபியும் இப்படித்தான் 931 ஜிபி என்று காட்டும். பொருள் குறையவில்லை, அளக்கிற மரக்கால் வேறு.

அந்த 238இல் விண்டோஸும் மற்ற சாமான்களும் ஒரு நாற்பது ஐம்பதைப் பிடித்தன. எஸ்.எஸ்.டி.யை வாய்வரை நிரப்பினால் அதுவும் மந்தமாகும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கைச் சும்மா விட வேண்டும். மிச்சம் 140 ஜிபி அளவு. கட்டுரை எழுத மட்டும் என்றால் ஏழு பிறவிக்குக் காணும். ஆனால் கலைப்பீடத்துப் பிள்ளைக்கு எழுத்து மட்டுமா வேலை? நூலகம் இணையத்தளத்திலிருந்து நாங்கள் இறக்கி வைத்திருக்கிற பி.டி.எப்.களை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இலிருந்து இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இலவசமாகத் தருகிற இடம் அது. மலையகத்தைப் பற்றி எழுதப்போனால் அந்தப் பக்கம் போகாமல் முடியாது. ஒரு ஸ்கேன் புத்தகம் 20 எம்பி என்றால், ஆயிரம் புத்தகம் 20 ஜிபி. அதுகூடப் பரவாயில்லை. போனில் எடுக்கிற வீடியோதான் தின்கிறது: ஒரு மணித்தியாலம் நாலிலிருந்து எட்டு ஜிபி. களவேலைக்குப் போய்ப் பத்துப் பேரிடம் வீடியோவில் பேட்டி எடுத்தால் பாதி லெப்டொப் முடிந்தது. மூன்றாம் செமஸ்டரிலேயே அவருக்குச் சிவப்புக் கோடு வந்துவிட்டது. போனில் பார்த்த அதே "ஃபுல்".

கிளவுட்டில் போடுவோம் என்றால்? கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. போட்டோவுக்கு எல்லையில்லாமல் இடம் தந்ததை 2021 ஜூன் 1ஆம் திகதியோடு நிறுத்திவிட்டார்கள். மேலே காசு கட்டினால் இடம் கிடைக்கும், ஆனால் மாசா மாசம் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் பொருள் யாருடையது? அதைவிடப் பெரிய கேள்வி, மேலே ஏற்றுவது எப்படி? லயத்தில் கிடைக்கிற சிக்னலில் செக்கனுக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஏறினால் 10 ஜிபி ஏற 22 மணித்தியாலம் ஆகும். அதுவும் டேட்டாவைக் காசு கொடுத்து வாங்கி. "கிளவுட்ல போடுங்க" என்பது வீட்டில் ஃபைபர் லைன் இருக்கிறவர் சொல்கிற வார்த்தை. எங்களுக்கு இடம் என்பது கையில் பிடிக்கிற சாமானாகத்தான் இருக்க வேண்டும்.

எனவே அம்மா சொன்னது முழுக்கப் பிழையில்லை. பத்தாமல் போகும் என்றார், பத்தாமல்தான் போனது. பிழை எங்கே என்றால், வேகத்தையும் இடத்தையும் ஒரே பெட்டிக்குள் ஒரே நாளில் வாங்கியாக வேண்டும் என்று நினைத்தது.

முதல் பாய்ச்சலுக்குக் காசு கொடுங்கள், இரண்டாவதுக்கு வேண்டாம்

மூன்றாவது ஆள் ஒரு வருஷம் பொறுத்து, எங்கள் இரண்டு பேரின் கதையையும் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனார். அவருக்கு வேறொரு கேள்வி வந்தது. இப்போது இரண்டுமே எஸ்.எஸ்.டி. ஒன்று 256 ஜிபி, என்.வி.எம்.இ. வகை. மற்றது 512 ஜிபி, சாட்டா வகை. "அண்ணே, என்.வி.எம்.இ. ஏழு மடங்கு வேகம்" என்று கடையில் சொன்னார்கள்.

பொய் சொல்லவில்லை. சாட்டா எஸ்.எஸ்.டி. செக்கனுக்கு 550 எம்பி வரை தரும். என்.வி.எம்.இ.யில் 3,500 எம்பி தருவது சாதாரணம். ஆனால் அந்த ஏழு மடங்கு தெரிய வேண்டுமென்றால் பெரிய பெரிய பைல்களை நாள் முழுக்க நகர்த்துகிற வேலை இருக்க வேண்டும், வீடியோ எடிட் பண்ணுகிறவர்கள் மாதிரி. வேர்ட், பிரவுசர், பி.டி.எப்., சூம் என்று இருக்கிற நமக்கு 35 செக்கனில் திறப்பது 28 செக்கனில் திறக்கும், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்குப் போவது லயத்து இஸ்தோப்பிலிருந்து பஸ் ரோட்டுக்கு வந்து சேர்வது மாதிரி. சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்குப் போவது பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்கு மாறுவது.

அவர் 512ஐ எடுத்தார். நாங்களும் அதைத்தான் சொல்வோம். முதல் படியில் வேகம் இடத்தை வெல்கிறது, இரண்டாம் படியில் இடம் வேகத்தை வெல்கிறது. விலை ஒன்றாக இருந்து இரண்டும் கிடைத்தால் சந்தோஷமாக எடுங்கள். ஒன்றை விட்டுத்தான் ஒன்று என்றால், எந்தப் படியில் நிற்கிறோம் என்று முதலில் பாருங்கள்.

கழற்றிய டிஸ்க்கும் கீழே விழுந்த டிஸ்க்கும்

ஒரு டிபிக்காரி என்ன செய்தாள்? மூன்று மாச மகாபொல காசைச் சேர்த்து ஒரு 512 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கினாள், 12,500 ரூபா. லெப்டொப்பின் அடி மூடியைக் கழற்றி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் இதைச் செருகி, விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். ஹொஸ்டலில் ஒரு பின்னேரம் போனது. அவ்வளவுதான் வேலை! ஆறு நிமிஷ லெப்டொப் அரை நிமிஷ லெப்டொப் ஆகிவிட்டது. கழற்றிய ஒரு டிபியை வீசவில்லை. 1,500 ரூபாவுக்கு ஒரு வெளிக்கூடு வாங்கி, அதற்குள் போட்டு, யூ.எஸ்.பி. வயரில் மாட்டினோம். மொத்தம் 14,000 ரூபா, பத்துப் பேருக்குக் கொஞ்சம் கூட. வேகம் உள்ளே போனது, இடம் வெளியே வந்தது. உட்கார்ந்து படம் கொப்பி பண்ண, பி.டி.எப். சேர்த்து வைக்க அந்த மெதுவான டிஸ்க் ஏகப்பட்ட நல்லது. மூன்று பேரும் அதைப் பொதுவாகப் பாவித்தோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்களில் ஒருவர் ஆய்வுக்காகப் பக்கத்துத் தோட்டங்களில் வயசான அம்மாமார் பாடுகிற தாலாட்டையும் ஒப்பாரியையும் கொழுந்து மலைப் பாட்டையும் பதிவு செய்துகொண்டிருந்தார். 11 பேர். எல்லாம் அந்தப் பொது டிஸ்க்கில். ஒரு நாள் அது ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ காலில் வயர் மாட்டி, மேசையிலிருந்து விழுந்தது. ஓடிக்கொண்டிருக்கிற ஹார்ட் டிஸ்க்கில் தட்டுக்கும் கைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு தூசியைவிடச் சின்னது. விழுந்தால் கை தட்டைக் கீறிவிடும். திரும்ப மாட்டியபோது டிக், டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. நாலு பேரின் பதிவு, எழுத்தாக்க வேலைக்காக ஒரு லெப்டொப்பில் கிடந்ததால் தப்பியது. ஏழு பேருடையது போய்விட்டது. அந்த ஏழு பேரில் ஒரு பாட்டி அதற்குள் இறந்துவிட்டார். மற்ற ஆறு பேரிடமும் திரும்பப் போனோம். "போனமுற பாடுனது இப்ப வர மாட்டேங்குது புள்ள" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் பாடினார்கள், ஆனால் வேறு மாதிரி.

அன்றைக்குத்தான் ஒன்று விளங்கியது. எத்தனை ஜிபி, செக்கனுக்கு எத்தனை எம்பி என்றெல்லாம் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். எத்தனை கொப்பி என்று கேட்கவேயில்லை. எஸ்.எஸ்.டி.யில் வைத்திருந்தால் தப்பியிருக்குமா? அந்த விழுக்காட்டில் தப்பியிருக்கும், அதில் கீறுவதற்குக் கை இல்லை. ஆனால் எஸ்.எஸ்.டி.யும் சாகும், டிக் டிக் என்று எச்சரிக்காமல் சட்டென்று. அதில் அழித்ததை மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கஷ்டம். ஒரு கொப்பி மட்டும் இருக்கிற பொருளை எதில் வைத்தாலும் அது ஒரு நாள் இல்லாமல் போகும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் இல்லாத ஏடுகளும் கைப்பிரதிகளும் அங்கே எரிந்தன. திரும்ப வராதவை அவைதான். 2017 மே வெள்ளத்தில் இரத்தினபுரிப் பக்கம் எத்தனை வீட்டில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் கல்யாணப் போட்டோவையும் வெயிலில் காயவைத்தார்கள் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடைக்குப் போகுமுன்

இனிமேல் வாங்கப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு, எங்கள் செலவில் நாங்கள் படித்தது இவ்வளவு:

முதலில், "எவ்வளவு?" என்று கேட்காமல் "எது?" என்று கேளுங்கள். ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்போமன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைத் தட்டினால் அதுவே சொல்லும். கடைக்காரர் முன்னால் செய்யுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஈ.எம்.எம்.சி. என்று இருந்தால் கவனம். புதுசு, மெல்லிசு, விலை குறைவு என்று 64 ஜிபியோடு வருகிற சின்ன லெப்டொப்களில் அதுதான் இருக்கும். விண்டோஸ் 11 நிறுவக் கேட்கிற ஆகக் குறைந்த இடமே 64 ஜிபி. அந்தச் சில்லை போர்ட்டிலேயே ஒட்டியிருப்பார்கள், கழற்றி மாற்ற முடியாது. இடமும் இல்லை, வேகமும் இல்லை, பிறகு திருத்தவும் வழியில்லை.

மூன்றாவது, மூடியைக் கழற்றினால் உள்ளே வேறென்ன செருகலாம் என்று கேளுங்கள். காலியாக ஒரு எம்.2 துளை இருக்கிறதா, இருந்தால் சாட்டா ஏற்குமா, என்.வி.எம்.இ. ஏற்குமா? இரண்டரை அங்குல டிஸ்க் வைக்கிற இடம் உண்டா? இன்றைக்கு 256ஓடு வாங்கி, அடுத்த வருஷம் பெருப்பிக்க முடிகிற லெப்டொப், இன்றைக்கே நிறைய இருந்து நாளைக்கு ஒன்றும் செய்ய முடியாத லெப்டொப்பைவிட மேல்.

"அடுத்த வருஷம் வாங்கலாம்" என்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, மறைக்கமாட்டோம். 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியபோது இங்கே எல்லாச் சாமானும் எட்டாத உயரத்துக்குப் போனது. விலை எப்போதும் இறங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அப்படியிருந்தும் சொல்கிறோம்: இடத்தைப் பிறகு சேர்க்கலாம், கடன் வாங்கலாம், மூன்று பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளலாம். காத்திருந்து போன நேரத்தை யாரிடமிருந்தும் பங்கு வாங்க முடியாது.

நாலாவது, முக்கியமானது எதுவாக இருந்தாலும் இரண்டு இடத்தில். அதிலும் ஒன்று வேறு வீட்டில். எல்லாவற்றுக்கும் இல்லை. படம் போனால் திரும்ப இறக்கலாம். பாட்டியின் குரலை இறக்க முடியாது. குரலுக்கு அவ்வளவு இடமும் தேவையில்லை: எம்.பி.3யாக மாற்றினால் ஒரு மணித்தியாலம் 60 எம்பிக்குள் அடங்கும். ஒரு 32 ஜிபி பென் டிரைவில் ஐந்நூறு மணித்தியாலம் போடலாம். நாங்கள் இழந்த ஏழு பதிவுக்கும் தேவைப்பட்டது ஒரு பழைய பென் டிரைவின் ஒரு மூலை.

இப்போது எங்களிடம் இரண்டு பொது டிஸ்க் இருக்கின்றன. ஒன்று ஹொஸ்டலில். மற்றது ஓப்பநாயக்கவில், எங்கள் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் பயந்து, சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலங்களோடு பால்மா டின்னில். லீவுக்குப் போகிறவர் ஹொஸ்டல் டிஸ்க்கைக் கொண்டுபோய் இரண்டையும் சமன் செய்துவிட்டு வர வேண்டும் என்பது சட்டம்.

இந்த வருஷம் எங்கள் தோட்டத்திலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் தெரிவாகியிருக்கிறார்கள். அதில் ஒருத்தியின் அம்மா போன் எடுத்து, கடையில் நிற்பதாகச் சொல்லிவிட்டு, "எதுல கூட இருக்கு தம்பி, அத மட்டும் சொல்லு" என்றார். "அம்மா, போன கொஞ்சம் புள்ளகிட்ட குடுங்க" என்றோம். "தங்கச்சி, டாஸ்க் மேனேஜரைத் திற."